நேசம்மாளின் தீக்குச்சி

வயர் துண்டின் நுனியில் எரியும் தீக்குச்சியைக் காட்டுகிறார் நேசம்மாள். குச்சியை விலக்கியதும் அணைந்தால் நல்ல வயர். எரிந்துகொண்டே இருந்தால் கடைக்காரர் தொலைந்தார்.

"கம்பெனி வயரும்மா! கடைக்குள்ள வச்சா கொளுத்துவாவ?"

"பேரை எவனும் அச்சடிப்பான் அண்ணாச்சி. தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்கினவ நான். தீ எங்கிட்ட பொய் சொல்லாது."

வயர் அணைந்துவிட்டது. அதிலும் சந்தேகம். "இம்புட்டு நல்ல வயர எதுக்கு என் தலையில கட்டப் பாக்குதாவ?" என்று என் காதைக் கடித்தார். கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்குக்கு வயர் வாங்காமலே வந்துவிட்டோம்.

பக்கத்து வீட்டுக்காரி என்ற முறையில் சொல்கிறேன், இந்தம்மா என்னையும் நம்புவதில்லை. நான் கொடுத்த சர்க்கரையை நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் டப்பாவில் கொட்டினார். யார் கொண்டுவந்தாலும் முட்டையைக் காதருகே குலுக்குவார். கணவர் ஜேசுதாசன் வாங்கிவந்ததை மட்டும் அப்படியே உடைத்து ஊற்றுவார்.

கேக் விற்பதற்காக மின்சார ஓவன் வாங்கியிருக்கிறார். கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் பாதிப் பேரிடம் ஆர்டர் பிடித்தாயிற்று. ஓவன் சூடேறினால் போதும், மின்சாரம் மிஞ்சினால் தானே அணையும் எம்சிபி பட்டென்று விழுந்துவிடுகிறது. டூப்ளிகேட் என்று சண்டை போட்டு வேறு வாங்கினார். அதுவும் விழுந்தது. சொன்ன நாளில் கேக் போகாவிட்டால் மானம் போகும்.

எலக்ட்ரீஷியன் முத்துசெல்வம் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். "யக்கா, ஓவனுக்குத் தனியா தடிச்ச வயரு இழுக்கணும். பழைய வயரு தாங்காது."

"கடைக்காரர்ட்ட கமிஷனோ? சுவத்துக்குள்ள இருக்கது அவிய கையால போட்டது. அத தொடாத. எம்சிபிய பெருசா மாட்டு, விழாது."

"விழாதுதான். வயருல்லா எரியும்?"

தீ என்றதும் நேசம்மாள் விலகிச் சுவர்ப் பெட்டிக்கு வழிவிட்டார். வீடு கட்டியபோது தானே வயரிங் செய்ததை ஜேசுதாசன் சொல்லாத நாள் கிடையாது. பாவம், அவர் முட்டை வாங்கப் போயிருந்தார்.

மெயினை அணைத்துவிட்டு, சுவர்ப் பெட்டியைத் திறந்தார் முத்துசெல்வம். உள்ளே மேலுறை உருகி, வயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்துக் கிடந்தன. நேசம்மாள் ஒரு துண்டை வெட்டித் தரச்சொல்லி வாங்கினார். குச்சியை உரசிக் காட்டி விலக்கினார். வயர் எரிந்துகொண்டே இருந்தது. அந்தச் சுவருக்கு மறுபக்கம் என் வீடு.

வாசலில் சைக்கிள் நிற்கும் சத்தம்.

நேசம்மாள் தீயை விரலால் நசுக்கி, துண்டை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"என்ன நேசம், கண்டுபிடிச்சாச்சா?" என்றபடி உள்ளே வந்தார் ஜேசுதாசன்.

"எலி கடிச்சிருக்கு. புது வயரு போடச் சொல்லிட்டேன்" என்று முத்துசெல்வத்தை முறைத்தார் நேசம்மாள். அந்த மனிதர் அவசரமாகச் சுவர்ப் பெட்டியை மூடினார்.

"எலியா? நான் போட்ட வயரு அசையாதே!" என்று சிரித்துக்கொண்டே முட்டைப் பையை நீட்டிவிட்டு, கை கழுவப் போனார் ஜேசுதாசன்.

அவர் முதுகு மறைந்ததும் நேசம்மாள் பையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து, காதருகே வைத்து மெல்லக் குலுக்கினார்.