பறவை மாதம் ஏழாம் தேதி

அலெக்சாந்திரியா சுங்க அலுவலகத்தில் முப்பது வருடம் போலிப் பத்திரங்களைப் பிடித்தவர் இன்ஷிராஹ். ஓய்வு பெற்றதும் இணையக் கலைக்களஞ்சியத்தில் பொய்க் கட்டுரைகளைப் பிடிக்க உட்கார்ந்துவிட்டார். பிறக்காத பாஷா, நடக்காத கடற்போர், எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. சனிக்கிழமைதோறும் கலைக்களஞ்சியத் தொண்டர்கள் நாங்கள் கூடும் தேநீர்க்கடைக்கு அவர் வந்தாலே எனக்கு உதறல்தான். என் கட்டுரைகளிலும் கை வைத்தவர் எங்கள் 'உஸ்தாதா', அதாவது டீச்சரம்மா.

அந்த ஆகஸ்ட் கடைசியில் அவரிடம் சிக்கியது லிபியாவின் தெர்னா நகரத்துக் கட்டுரை ஒன்று. மிஃப்தாஹ் என்ற கோல்கீப்பர் ஒரே ஆட்டத்தில் நான்கு பெனால்டிகளைத் தடுத்தாராம். எழுதியவர் அவருடைய மகள் ஸாலிமா. ஆதாரம் ஓர் உள்ளூர்ப் பத்திரிகை, தேதி பறவை மாதம் 7, 1360.

"பறவை மாசமாம்! அடுத்தது என்ன, பூனை மாசமா?" என்றார் இன்ஷிராஹ். "ஹிஜ்ரி 1360ன்னா 1941. அப்ப தெர்னாவுல குண்டு விழுந்துக்கிட்டிருந்துச்சு. எவன்யா பந்து ஆடினான்?"

எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். என் கட்டுரை இல்லையே.

சந்தேகக் கட்டுரைக்கு ஆதாரம் காட்ட ஏழு நாள் கெடு. இன்ஷிராஹ் எழுதிய விதி அது. கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் ஸாலிமா கெஞ்சினாள்: "அக்கா, அப்பா இப்ப இல்ல. அவரைப் பத்தி வேற எங்கயும் ஒரு வரி கிடையாது. பேப்பர் அண்ணன் வீட்டுப் பெட்டியில இருக்கு. வர்ற திங்கக்கிழமை போட்டோ எடுத்து அனுப்புறேன்." கெடு வியாழனோடு முடிந்தது. இன்ஷிராஹ் அழித்தார். காரணம் என்ற இடத்தில் 'ஏமாற்று' என்று போட்டார். "எங்கப்பா ஏமாத்துக்காரர் இல்ல அக்கா" என்று ஒரு வரி வந்தது. பிறகு ஒன்றுமில்லை.

அந்த ஞாயிறு புயலில் அணைகள் உடைந்து தெர்னாவின் பாதி ஊர் கடலுக்குப் போனது. செய்தி பார்த்து அழுதோம். அந்தக் கட்டுரை யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

குளிர்காலத்தில் பெங்காசியிலிருந்து மப்ரூக் என்ற தொண்டர் எங்கள் கூட்டத்துக்கு வந்தார். விருந்தாளியைச் சிரிக்க வைக்கலாமென்று நான்தான் பறவை மாதக் கதையை எடுத்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"லிபியாவுல அப்ப இருந்த சர்வாதிகார ஆட்சியில மாசத்துக்கெல்லாம் பேர மாத்திட்டாங்க. பறவைன்னா ஏப்ரல். வருஷத்தையும் நபி மறைஞ்சதுலேர்ந்து எண்ணுனோம். 1360ன்னா 1992. என் ஸ்கூல் நோட்டு பூரா அப்படித்தான் தேதி."

இன்ஷிராஹ் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "அந்தப் பொண்ண எப்படியாவது தேடிக் கொடுப்பா" என்றார்.

பத்து நாள் கழித்து மப்ரூக் இன்ஷிராஹுக்குப் போன் செய்தார். "அந்தத் தெருவே இல்ல உஸ்தாதா. பொண்ணையும் காணோம், அண்ணனையும் காணோம். பேப்பரும் எந்த நூலகத்திலயும் கிடைக்கல."

இன்ஷிராஹ் அன்றே கட்டுரையை மீட்டுப் போட்டார். ஒரு மாதம் தாங்கியது. பிறகு யாரோ புதியவர் 'ஆதாரம் எங்கே?' என்று பட்டை ஒட்டினார். மறுபடி ஏழு நாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்க, உஸ்தாதா" என்றேன்.

"என் வார்த்தை ஆதாரமாய்யா? அவ வார்த்தைய நான் ஏத்துக்கிட்டேனா?"

ஏழாம் நாள் கட்டுரையை அழித்தது அவரேதான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ரெண்டாந்தடவையும் உங்க கையாலயா?" என்று கத்தினேன்.

"வேற யாராவது அழிச்சா 'ஏமாற்று'ன்னு போடுவாங்க" என்றார். "நான் 'இவர் இருந்தார், காட்ட எங்களிடம் எதுவும் இல்லை'ன்னு போட்டேன்."