வெட்டுக்கிளி தின்ற மொட்டுகள்

அம்மா அந்தச் செடியைக் காப்பாற்றியதே அதைச் சேனைக்கிழங்குக்குச் சொந்தம் என்று நினைத்ததால்தான். ஏடனில் கப்பல் வேலை பார்த்துத் திரும்பிய அப்பா கொண்டுவந்து முற்றத்தில் நட்டது அது. அடித்தண்டு பானைபோல் உப்பியிருக்கும். மேலே நாலைந்து இலை. பாலைவனத்தில் வளர்வதாம். வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற பாறசாலைப் பக்கத்தில் அதற்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. இப்போது நர்சரிகளில் பாலைவன ரோஜா என்று விற்கிறார்கள்.

மலையாள நாட்டோடு இருந்த எங்கள் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலங்கள் நடந்த காலம். ஒன்றில் போன அப்பாவைப் பிடித்து ஜெயிலில் வைத்துவிட்டார்கள். செடியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். எனக்கு எட்டு வயது. இடவப்பாதி மழை கொட்டும்போதும் தினம் ஒரு செம்பு கிணற்றுத் தண்ணீர் ஊற்றினேன், கடமை தவறக்கூடாதல்லவா? இலையெல்லாம் உதிர்ந்து, தண்டு அழுகத் தொடங்கியது.

அம்மா ஏசவில்லை. செடியைப் பிடுங்கி, அழுகலை அரிந்து, சாம்பல் பூசி, விதைச்சேனையோடு சேர்த்து அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிட்டாள். கிழங்குகளுக்கு எங்கள் வீட்டில் அதுதான் வைத்தியம்.

"அப்பா எப்பம் வருவாரு?" என்று அன்றைக்கும் கேட்டேன்.

"இது பூக்கும்பம் வருவாரு மக்கா," என்றாள்.

மழை ஓய்ந்ததும் மறுபடி நட்டாள். கரிக்கட்டையாக இருந்தது துளிர்த்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு மொட்டும் விட்டது. ஆனால் விடிந்து பார்த்தால் மொட்டைக் காணோம். வெட்டுக்கிளி தின்றிருக்கும் என்பாள் அம்மா. ஒருநாள் சீக்கிரமே எழுந்து வந்து வெட்டுக்கிளியைக் கையும் களவுமாகப் பிடித்தேன். மொட்டைக் கிள்ளிக்கொண்டிருந்தது அம்மாதான். அப்பா வருவது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டி, இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மாசியில், அப்பாவை விடப்போகிறார்கள் என்று தகவல் வந்தது. அதன்பிறகு வெட்டுக்கிளித் தொல்லை இல்லை. அப்பா வந்த அன்று செடியில் இளஞ்சிவப்பாய் இரண்டு பூ.

அவர் கால் கழுவி உட்கார்ந்ததும் புகாரைச் சொன்னேன். "பூத்தா நீங்க வருவீங்கன்னு அம்மதான் சொன்னா. பெறவு அவளே மொட்டயெல்லாம் கிள்ளிக் களஞ்சா. அதாக்கும் நீங்க வரத் தாமசிச்சது."

அப்பா சிரித்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. அம்மா உலை வைக்க அடுக்களைக்குள் போனாள். செய்த தப்பு வெளியே தெரிந்துவிட்ட வெட்கம் என்று நினைத்தேன். எனக்கு அன்று ரொம்பத் திருப்தியாக இருந்தது.