பொன்னுத்துரையின் ஐந்து மாத ஊர்வலம்

கண்டியிலிருந்த ஏஜென்சி குவைத்துக்கு அனுப்பிய தாளில், வீட்டுவேலைக்குப் போகும் பியட்றிஸைப் பற்றி இப்படி இருந்தது: பணிவானவர், கேள்வி கேட்காதவர், வீட்டு நினைவால் வேலை கெடாதவர். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்றே பியட்றிஸ் நாலு தடவை கேட்டிருந்தாள்.

பன்வில தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் இருந்த அவள் கணவன் வலன்ரைன் கடிதம் எழுதமாட்டான். பேசிக் கசெட்டில் பிடித்து அனுப்புவான். அவனுடைய ‘இன்னைக்கு’ குவைத்துச் சமையலறைக்கு வந்து சேர மூன்று வாரமாகும். அவள் கேட்டதற்குப் பதில் வராது. வழியில் இரண்டு பேச்சும் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கும். இரண்டு ஊரில் இருப்பவர்களுக்கு இரண்டு இன்றைக்கு என்று அவளும் ஒத்துக்கொண்டாள். காலமும் தூரமும் பற்றி ஞானிகள் எழுதித் தீராததை வலன்ரைன் சுருக்கமாகவே புரிந்துவைத்திருந்தான்: தாமதம் நல்ல மறைப்பு.

மார்கழியில் வந்தது, “கிறிஸ்மஸ் குடில் கட்டுறோம் பியட்றிஸ்.” அவன் குரலுக்குப் பின்னால் சாவுக்கு அடிக்கும் தப்புப் பறைச் சத்தம், பக்கத்து லயத்து வடிவம்மாவின் ஒப்பாரி. செத்தது அவள் புருஷன் பொன்னுத்துரையாகத்தான் இருக்கவேண்டும். பியட்றிஸ் ஒரு செபம் சொன்னாள். தைக் கசெட்டில் சங்கு ஊதினார்கள். மாசியில் பாடையைத் தூக்கினார்கள். பங்குனியில் தப்பு பள்ளத்தில் இறங்கியது. “இன்னைக்கு பெரிய வெள்ளி, கோயில்ல நல்ல சனம்” என்ற ஐந்தாவது கசெட்டில் அது மயானத்தை எட்டியது.

எசமானி தவணைக்கு முந்தியே ஊருக்கு விட்டதால், பியட்றிஸ் யாருக்கும் சொல்லாமல் வந்து இறங்கினாள். வாசலில் நாத்தனார் பெற்றீசியா.

“அண்ணி! அண்ணன் இப்பத்தான் டவுன் பக்கம்…”

“இருக்கட்டும். பொன்னுத்துரை மாமாவ எப்ப எடுத்தாங்க?”

“அது கார்த்திகையில. லயத்துல ஒரு ஆள் இல்ல, எல்லாரும் சாவீட்டுல.”

“அதான் உங்கண்ணனுக்குத் தோதாப் போச்சு. ஒரே இருப்புல அஞ்சு மாசத்துக் கசெட்டையும் பேசிட்டாரு.”

பெற்றீசியா தரையைப் பார்த்தாள். “மாசம் ஒண்ணா தபால்ல போடச் சொல்லிட்டு ஹுன்னஸ்கிரியவுக்குப் போயிட்டாரு. அங்க ஒருத்தி… நீங்க மனசொடஞ்சிருவீங்கன்னுதான் நானும் போட்டேன்.”

“ஒரு மாசங்கூட தவறல நீ. தாலி கட்டினவரு அவ்வளவு ஒழுங்கு இல்ல.”

அவள் ஹுன்னஸ்கிரியவுக்குப் போகவில்லை. ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவும் இல்லை. மறுநாள் வலன்ரைனின் சட்டைகளையும் சவரச் சாமானையும் சாக்கில் கட்டிக் கண்டிக்குக் கொண்டுபோய், ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.