ரோகிணி, காலை எட்டு இருபது

அந்தத் துண்டுச்சீட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. நீல மையில் என் கையெழுத்து: ஒரு தேதி, காலை எட்டு இருபது. அதன் கீழே கிள்ளான் அக்கா பென்சிலால் ‘ரோகிணி’ என்று எழுதி, லாமினேட் செய்து, இத்தனை வருடமும் மணிபர்ஸில் வைத்திருந்தார். போன மாதம் அவர் இறந்தபின், அவருடைய தங்கை கொண்டுவந்து கொடுத்தார். எதற்கான நேரம் என்று அந்தத் தங்கைக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தனியார் கருத்தரிப்பு மையத்தின் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். முட்டையையும் விந்தையும் தட்டில் சேர்த்து, மறுநாள் காலை மைக்ரோஸ்கோப்பில் கரு உண்டாகியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. கிள்ளானிலிருந்து சிகிச்சைக்கு வந்த அக்காவுக்கு மூன்று கருக்கள் உண்டாகியிருந்தன. ஊசி மருந்தால் அவருக்கு வயிறு வீங்கியிருந்ததால், அடுத்த மாதம் கருப்பையில் வைத்துக்கொள்ளலாம் என்று மூன்றையும் உறைய வைத்தோம். சேதி சொன்னதும் அவர் கேட்டது இதுதான்: “மிஸ்ஸி, எத்தன மணிக்கு உண்டாச்சு? எழுதிக் கொடு லா, அர்ச்சனைக்கு நட்சத்திரம் வேணும்ல.” நான் நர்ஸ் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு நான் மிஸ்ஸிதான். கரு ஒரு நொடியில் உண்டாவதில்லை. நான் பார்த்த நேரத்தை எழுதிக் கொடுத்தேன். ஐயர் பஞ்சாங்கம் பார்த்து ரோகிணி என்றாராம். மாதாமாதம் அன்றைக்கு அர்ச்சனை. பேர் கேட்டால், “இன்னும் வைக்கல சாமி.”

அந்த அடுத்த மாதம் வரவே இல்லை. லோரி ஓட்டிய அவர் கணவர் விபத்தில் போய்விட்டார். ஒருவர் இறந்தால் கருவை வைக்கக் கூடாது என்று இருவரும் முதலிலேயே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். படித்துப் பார்த்தா போட்டார்கள்? அக்கா அழுதார், கெஞ்சினார். டாக்டர் மசியவில்லை. கருக்களை அழிக்க வேண்டும், இல்லையென்றால் ஆராய்ச்சிக்குக் கொடுக்க வேண்டும். “நீங்க தமிழ்ல பேசிப் பாருங்க” என்று என்னை அனுப்பினார்.

பேசினேன். பெரிய மேதாவி மாதிரி பேசினேன். வெளிநாட்டில் இப்படிப்பட்ட கருவிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து வளர்க்கிறார்கள். அது இதயத்தின் செல்லாகித் தட்டிலேயே துடிக்கும். முட்டையும் விந்துமாக மாறப்போகிற செல்லைக்கூட அதிலிருந்து ஒருநாள் உண்டாக்கலாம் என்றேன். அக்கா கேட்டார்: “அப்படின்னா என் பேரப்புள்ளைக்கு உள்ள வெதையும் அதுலயே இருக்கா?” இருக்கிறது என்றேன். கையெழுத்துப் போட்டார்.

ஆராய்ச்சி தொடங்கவே இல்லை. கருக்களைக் கேட்டிருந்த வெளி ஆய்வுக்கூடம் பின்வாங்கிவிட்டது. கருக்களை உறைய வைக்கும் தொட்டியில் இடம் வேண்டுமென்றார்கள். ஒரு மத்தியானம் நான்தான் அக்காவின் கருக்கள் இருந்த மூன்று மெல்லிய குழாய்களையும் வெளியே எடுத்து மேசைமேல் வைத்தேன். ஏசி அறையில் கொஞ்ச நேரத்தில் உருகிவிட்டன. பிறகு சாப்பிடப் போனேன்.

அந்தத் தீபாவளிக்கு அக்கா போன் செய்தார். “மிஸ்ஸி, துடிக்குதா?”

“துடிக்குது, அக்கா.”

அதற்குப் பிறகு எப்படி மாற்றிச் சொல்வது? ஒவ்வொரு தீபாவளிக்கும் அதே கேள்வி, அதே பதில். ஒருமுறை உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கமூட்டர் ரயிலேறிக் கிள்ளானுக்கே போனேன். முறுக்கும் தேத்தண்ணியும் கொடுத்தார். சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். கோழை நான். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கும் குழந்தை குட்டி கிடையாது. தீபாவளியன்று என்னைக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். அந்த போனை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

போன வாரம் ரோகிணி. சீட்டை எடுத்துக்கொண்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் என் வீட்டிலிருந்து நடந்தே கோயிலுக்குப் போனேன். ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு நட்சத்திரம் கேட்டார். சீட்டைப் பார்த்துச் சொன்னேன்.

“பேரு?”

பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் மறுபடியும் கேட்டார்.

“இன்னும் வைக்கல சாமி,” என்றேன்.