டிராகன் பழத்தின் மேல் போட்ட பழி

என் நாத்தனார் லுவா வாயாடி. மூன்று பேர் வேலையைத் தனியாக முடித்துவிட்டு, சோறு தின்னும்போது வம்பளக்கவும் அவளுக்குத் தெம்பிருக்கும். வியட்நாமில், லாங்ஆனில் எங்கள் பக்கம் முழுக்கச் சிவப்புச் சதை டிராகன் பழத் தோட்டங்கள்தான். விலை விழுந்தால் விற்காத பழத்தை வீடே தின்று தீர்க்கும். மறுநாள் கழிப்பறையில் சிவப்பாகப் போனால் யாரும் பயப்பட மாட்டோம். அப்படிப் பயந்து டாக்டரிடம் ஓடிய வெளியூர் மருமகன் ஒருவனை லுவா வருடக்கணக்கில் ஓட்டினாள்.

போன வருடம் அவள் கணவன் கோய் டிராகன் செடிகளை வெட்டிவிட்டுத் தென்னை வைத்தான். அதற்குப் பிறகும் கழிப்பறையில் சிவப்பைப் பார்த்துக் கேட்டிருக்கிறான். "அண்ணி குடுத்த பழம்" என்றாளாம். அவனும் விட்டுவிட்டான்.

ஒரு நாள் காலை, தென்னங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றக் குனிந்தவள் நிமிரும்போது சரிந்து விழுந்தாள். மாவட்ட ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம்.

டாக்டர் வின் அவளைப் படுக்கவைத்து நாடியும் பிரஷரும் பார்த்தார். மெல்ல உட்காரவைத்து மறுபடி பார்த்தார். நாடி எகிறியது, பிரஷர் இறங்கியது. கீழ் இமையை இழுத்தார். உள்ளே வெளுத்துக் கிடந்தது.

"மோஷன்ல ரத்தம் போகுதா?"

"ரத்தம் இல்லீங்க டாக்டர், பழம்," என்று கோய் என்னைக் காட்டினான். "இந்த அக்கா குடுக்குறது. இவ கணக்கில்லாம தின்னுவா."

"பழம் கலரை மாத்தும், இமையை வெளுக்க வைக்காது. உட்கார்ந்தாலே பிரஷர் விழுதுன்னா நிறைய ரத்தம் போயிருக்கு. கட்டியாப் போச்சாம்மா?"

லுவா என்னைப் பார்த்தாள். என் வாய் சும்மா இருக்கவில்லை. "நான் எங்கே குடுத்தேன்? புதுவருஷத்துக்கு அப்புறம் ஒரு பழம்கூடக் குடுக்கலையே."

"கட்டி கட்டியாத்தான் போகுது," என்றாள் மெதுவாக. "அம்மாவுக்கும் இப்படித்தான ஆரம்பிச்சுது. அந்த வியாதிப் பேரைக் கேக்கப் பயமா இருந்துச்சு அண்ணி."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "கழுதை, என்கிட்டயாவது சொல்லக்கூடாதா?" என்று கையைப் பிடித்தேன். சில்லென்றிருந்தது.

"சொன்னா நீங்க ஊரைக் கூட்டிடுவீங்க," என்று சிரிக்கப் பார்த்தாள்.

ரத்தம் ஏற்றினார்கள். சைகோனுக்குக் கொண்டுபோக வண்டியும் வந்துவிட்டது. அதற்குள் அவளுக்கு இன்னொரு முறை ரத்தம் போனது, படுக்கை முழுக்க. நாடி டாக்டரின் விரலுக்கு அகப்படவில்லை. வெகுநேரம் போராடிவிட்டு அவர் கையை எடுத்தார்.

நர்ஸ் ரத்தம் ஏற்றிய ஊசியைக் கழற்ற வந்தாள். கோய் குறுக்கே வந்து நின்றான்.

"பையில இன்னும் பாதி இருக்கே டாக்டர்," என்றான். "அது முழுசா இறங்கட்டும்."