ஒற்றைக் கூவல்

எங்கள் லயத்து வீட்டின் முன்திண்ணையான இஸ்தோப்பில், கூரைத் தகரத்துக்குக் கீழே விட்டத்தின் மேல் கொண்டைக்குருவி அடைகாக்கத் தொடங்கியபோது நான் பிள்ளை பெற்று ஒன்பது நாள். இலங்கையில் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். எழுபதுகளின் பஞ்ச காலம். அரிசியை மறந்து மரவள்ளியும் கீரையும் தின்று கொண்டிருந்தோம். என் மார்பில் பால் ஊறியதே அதிசயம். வேலை நேரத்தில் லயத்தின் வரிசை வீடுகளில் ஆள் இருக்காது. மாமியாரும் கொழுந்து பறிக்கப் போய்விடுவார். நானும் மகனும் அந்தக் குருவிகளும்தான்.

பாயில் படுத்தபடியே பார்ப்பேன். பெண் குருவி கூட்டை விட்டு அசையாது. ஆண் எதிரிலிருந்த கொய்யா மரத்தில் உட்கார்ந்து சத்தமாகக் கூப்பிடும். பெண் தொண்டைக்குள்ளேயே மெல்லப் பதில் சொல்லும். ஒரே ஒரு தடவை நிதானமாகச் சொன்னால் ஆண் மரத்திலேயே இருக்கும். விடாமல் அடுக்கடுக்காகச் சொன்னால் உடனே பறந்து வரும். வாயில் புழுவோ பழமோ இருக்கும். சில நேரம் வந்து பார்த்தால் பெண்ணுக்கு ஒன்றுமே வேண்டியிருக்காது. ஆணுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. மறுபடி கூப்பிட்டால் மறுபடி வரும். அதற்குத்தான் வேலை வாங்கும் கங்காணி கிடையாதே.

எங்களுக்குள்ளும் அப்படி ஒரு ஏற்பாடு இருந்தது. என் வீட்டுக்காரருக்கு எதிர்மலையில் கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடிகளை மட்டமாக வெட்டிவிடும் வேலை. மத்தியானம் அங்கிருந்து ஒரு கூவு கொடுப்பார். நான் வாசலில் நின்று ஒரு தடவை கூவினால் சுகமாயிருக்கிறோம் என்று அர்த்தம். இரண்டு தடவை கூவினால் உடனே வர வேண்டும்.

ஒருநாள் பிள்ளைக்குப் பால் புரையேறி முகம் நீலமாகிவிட்டது. பதறிப்போய் இரண்டு தடவை கூவினேன். பள்ளத்தில் இறங்கி ஏறி, கவ்வாத்துக் கத்தியும் கையுமாக அவர் ஓடி வந்தபோது பிள்ளை நிம்மதியாகத் தூங்கிக் கொண்டிருந்தது. கங்காணி அவருக்கு அன்றைய பேரை வெட்டிவிட்டார். அந்த நாள் கூலி இல்லை என்றாகிவிட்டது. சாயந்தரம் மலைத்தண்ணீர் விழும் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போன மாமியாரிடம், "ஒங்க வீட்டுக் குயிலு இன்னிக்கி எத்தன தரம் கூவுச்சு?" என்று கேட்டுப் பீலிக்கரையே சிரித்ததாம். ஏழு பெற்றும் தான் ஒருவரையும் கூப்பிட்டதில்லை என்று மாமியார் திரும்பத் திரும்பச் சொன்னார். என் வீட்டுக்காரர் மட்டும் மறுநாளும் வழக்கம்போல எதிர்மலையிலிருந்து கூவு கொடுத்தார். எனக்கோ மானம் போன மாதிரி இருந்தது.

பத்து நாள் போயிருக்கும். விட்டத்தில் குஞ்சுகள் பொரித்திருந்தன. அன்று காலையிலிருந்து பிள்ளை மார்பில் வாய் வைக்கவில்லை. கை கால் சில்லென்று இருந்தது. அழவும் இல்லை. அழாமல் கிடக்கிறானே என்று முதலில் சந்தோஷப்பட்டேன், பாவி.

மத்தியானம் எதிர்மலையிலிருந்து அவருடைய கூவு வந்தது. வாசலுக்கு வந்தேன். பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் வாயைத் திறந்ததும் பீலிக்கரைச் சிரிப்புத்தான் ஞாபகம் வந்தது. ஒரு தடவை கூவினேன். அடுத்தது தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

தலைக்கு மேலே பெண் குருவி வெட்கமில்லாமல் கூப்பிட்டுக் கொண்டே இருந்தது. ஆண் வந்தது, போனது, திரும்ப வந்தது. அந்தக் குருவியின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

நாலு மணிக்கு அவர் வேலை முடிந்து வந்து பிள்ளையைத் தொட்டார். தூக்கிக்கொண்டு தோட்டத்து மருந்துக்காரரிடம் ஓடினார். போகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. மத்தியானமே கொண்டு வந்திருந்தால் லொறி பிடித்துப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பார்த்திருக்கலாம் என்றாராம் மருந்துக்காரர்.

மறுநாள் அடக்கம் முடிந்து லயத்துச் சனமெல்லாம் வாசலில் நின்றது. மாமியார் என் முன்னால் வந்து நின்றார்.

"பச்சப் புள்ள வெறச்சுக் கெடக்குறப்ப நீ கூவுனியா, இல்லியா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சுவரோரம் குந்தியிருந்த என் வீட்டுக்காரர் தலை நிமிராமல் சொன்னார்.

"அவ ரெண்டு தரம் கூவுனா. நாந்தான் பேரு போயிருமேன்னு வரல."

மாமியார் மண்ணை வாரி அவர் மேல் தூற்றினார். அன்று சிரித்த அதே பெண்கள் அவரைக் கல்நெஞ்சுக்காரன் என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பெற்றவள் அழுகிறாள் என்று ஒருத்தி என்னை அணைத்துக்கொண்டாள். அந்த அணைப்பையும் வாங்கிக்கொண்டேன்.

அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. மகன் போன பிறகு எங்களுக்கு இரண்டு பெண்கள் பிறந்திருந்தார்கள். கூப்பிட்டும் வராமல் மகனைச் சாகவிட்டவர் என்றுதான் அப்பாவைப் பற்றிக் கேட்டு வளர்ந்தார்கள். சின்னவள் அவரிடம் முகம் கொடுத்தே பேசமாட்டாள். அவர்களிடம் நான் இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை.