வேகம் காணாத போட்

போன கிழமை மத்தியானம், கந்தோரில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது பக்கத்து மேசைக்காரர் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகளிடம் ரிமோட்டில் ஓடும் விளையாட்டு ஸ்பீட் போட் ஒன்று இருக்கிறதாம். வேகம் காணாது என்று அவள் முறைப்பாடு வைத்திருக்கிறாளாம்.

"மோட்டரை, பற்றரியை மாத்திப் பாப்பமோ, இல்லாட்டி வேகமானதா ஒண்டு புதுசா வாங்கிறதோ? உமக்குத்தானே உந்த விசயமெல்லாம் தெரியும்."

"புதுசு வாங்குங்கோ, அதுதான் சுகம்," என்றேன்.

சரியான பதில்தான். மோட்டரை மாற்றினால் பற்றரி போதாது, பற்றரியை மாற்றினால் வயர் எரியும், அது முடியாத கதை. ஆனாலும் யாரோ பக்கத்தில் வயர் ஒட்டும் ஈயக்கோலைச் சூடாக்கிவிட்டதுபோல மூக்கில் ஒரு மணம். ஈயமும் கிறீசும் கரையில் அழுகிக் கிடக்கும் சாதாளைப் பாசியும் சேர்ந்த மணம். அது நெடுந்தீவில் அன்ரன் அண்ணையின் கொட்டில் மணம்.

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. நெடுந்தீவுக்கு மின்சாரம் கொடுக்கும் டீசல் எஞ்சின்களைப் பார்த்துக்கொள்வது என் முதல் வேலை. என் ஊர் புளியங்கூடல். அதுவும் தீவுதான், ஆகவே நானும் தீவான்தான் என்ற நினைப்போடுதான் போய் இறங்கினேன். எங்கள் ஊரில் பஸ் பிடித்தால் கடல் பாலத்தால் யாழ்ப்பாணம். இங்கே பின்னேரத்துக் கடைசிப் படகு துறையை விட்டுப் போனதும், மிச்சமிருப்பது முருகைக்கல் வேலியும் மாடுகளும் காற்றும்தான். எட்டு மணித்தியாலம் எஞ்சின் இரைச்சலில் நின்றுவிட்டு அறைக்கு வந்தால் காது இரைந்துகொண்டே இருக்கும். அறையில் ஒரு கட்டில், ஒரு கதிரை, கதவு பூட்டாத ஓர் அலுமாரி. காற்றில் அந்தக் கதவு அடித்துக்கொள்ளும்போது, "கொஞ்சம் பொறு, வாறன்," என்று நான் அதற்கு மறுமொழி சொன்ன நாள்களும் உண்டு. இதை இதுவரை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

கனடாவிலிருந்து அண்ணா அனுப்பிய பார்சலில்தான் அந்தப் போட் வந்தது. அவருடைய மகன் விளையாடி அலுத்துப் போட்டது. முழங்கை நீளம், சிவப்பு நிறம், ஒரு பக்கம் வெடிப்பு. யாராவது சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கத்தான் அனுப்பியிருந்தார். நான் கொடுக்கவில்லை. துறைக்கு மேற்கே கல் தடுப்புக்குள் கடல் குளம்போலக் கிடக்கும். மீசை வைத்த அரசாங்க உத்தியோகத்தனான நான் அங்கே நின்று பின்னேரங்களில் போட் விட்டுக்கொண்டிருந்தேன். அந்த வழியால் போன ஓர் அக்கா, "தம்பி, இதுவும் கறண்ட் வேலையோ?" என்று கேட்டா. "ஓம் அக்கா" என்றேன்.

மூன்றாம் நாள் ஒருவர் கிட்ட வந்தார். இரண்டு நாளாகத் தன் கொட்டில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர். அவர்தான் அன்ரன் அண்ணை, மீனவர்களின் படகு எஞ்சின் திருத்துகிறவர், நாற்பது வயதளவில் இருக்கும்.

"உது மூக்கை நிமித்திக்கொண்டெல்லோ போகுது. பற்றரியை முன்னுக்குத் தள்ளும்."

தள்ளினோம். போட் தண்ணீரில் படிந்து ஓடியது. அன்றைக்குத் தொடங்கியது எங்கள் சிநேகிதம்.

அதற்குப் பிறகு வேலை முடிந்த பின்னேரங்கள் எல்லாம் அன்ரன் அண்ணையின் கொட்டிலில்தான். யாழ்ப்பாணத்தில் தேடிப் பெரிய மோட்டர் ஒன்று வாங்கி வந்து பூட்டினோம். அது அடுப்பாகச் சுட்டது. அவர் மெல்லிய செப்புக் குழாயை மோட்டரைச் சுற்றி வளைத்து, கடல் தண்ணீர் உள்ளே போய்ச் சுற்றிப் பக்கத்தால் வெளியே வர வழி செய்தார். முதல் முறை தண்ணீர் சீறி வந்தபோது, "இப்பதான் எஞ்சின் மூத்திரம் பெய்யுது" என்று அவர் சிரித்ததைப் பார்க்கவேணும். பிறகு தண்ணீரைத் தள்ளும் விசிறியை அரத்தால் தேய்த்தோம், தண்டு வளைந்தது. தண்டை நிமிர்த்தினோம், தண்ணீர் கசிந்தது. எந்த விசிறி சரி என்று சண்டை பிடித்து ஒரு நாள் முழுக்கக் கதைக்காமலும் இருந்தோம்.

"இன்னும் வேகம் காணாது அண்ணை" என்பேன்.

"காணாதுதான். நாளைக்குப் பாப்பம்" என்பார்.

கொட்டில் சுவரில் ஒரு படம் இருந்தது. மனைவியும் கைக்குழந்தையும். அவர்கள் பிரான்சுக்குப் போய் ஏழு வருடம், இவர் விசாவுக்குக் காத்திருக்கிறார் என்பதை ஊரார் சொல்லித்தான் அறிந்தேன். ஒருநாள் ஈயத்தை ஊதிக்கொண்டே அவராகச் சொன்னார்: "மகளுக்கு இப்ப ஒன்பது வயசு. போனில 'அப்பா' எண்டு சொல்லிப்போட்டுத் தாயிட்டக் குடுத்திடுவாள்." நான் வயரை இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடித்தேன்.

அண்ணாவோ தொலைபேசியில், "எடேய், உந்தக் குப்பையோட மினக்கெடாதை. நான் பறக்கிற போட் ஒண்டு அனுப்பிறன்" என்றார். வேண்டாம் என்று எத்தனையோ முறை சொன்னேன். கூச்சப்படுகிறேன் என்று நினைத்து அனுப்பியேவிட்டார்.

கறுப்பு நிறம், ஒல்லியான உடம்பு. தண்ணீரில் வைத்து விசையை அமத்தினதுதான் தெரியும், கண் போய்ச் சேரமுன் அது மறுகரையில் நின்றது. இருவரும் மாறி மாறி ஓட்டினோம். ஒரு குறை இல்லை. பற்றரி முடிந்ததும் அன்ரன் அண்ணை அதைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தார், சாரத் தலைப்பால் துடைத்தார்.

"நல்ல போட்," என்றார். "கழட்டிப் பாக்க ஒண்டுமில்லை."

அடுத்த நாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நானாகப் போகவும் ஒரு சாட்டு இல்லை. நாலு நாள் நான் தனியே நின்று அந்தக் கறுப்புப் போட்டை விட்டேன். அது குறையில்லாமல் ஓடிக்கொண்டேயிருந்தது. அதன் மேல் எனக்கு வந்த வெறுப்பைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

ஐந்தாம் நாள் அதன் விசிறியைப் பிடித்திருந்த குட்டித் திருகாணியைச் சாவி போட்டுக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன்.

"அண்ணை, ஆணி கழண்டு விழுந்திட்டுது."

அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "தன்பாட்டில கழண்டா திருகுப் புரியில தேய்வு இருக்கும். இது சாவி போட்டுக் கழட்டினது."

எனக்கு முகம் சுட்டது. அவர் கால் ஆடும் முக்காலியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"உதை அங்கால வையும். பழசைக் கொண்டு வாரும்," என்றார். ஈயக்கோலை எடுத்து வைத்தபடி, "எனக்கும் நாலு நாளா வேலை ஓடேல்லை" என்றார்.

அதன் பிறகு ஒரு வருடம் போல அந்தச் சிவப்புப் போட்டோடு மினக்கெட்டோம். விசா வந்தது. புறப்படுகிற காலை, துறையில் பையோடு நின்றவர் என் கையைப் பிடித்தார்.

"குறை நினையாதையும். பழசை நான் கொண்டு போகவோ?"

"புதுசைக் கொண்டு போங்கோ அண்ணை. மகள் விரும்புவா. அதுதான் ஓடும்."

"ஓடும். அதை வைச்சுக்கொண்டு அவளோட நான் என்னத்தைக் கதைக்கிறது?"

ஓடிப்போய்ப் பழசை எடுத்து வந்து, அரிசிப் பையில் சுற்றிக் கொடுத்தேன். படகு போனது. அன்றைக்கு எஞ்சின் இரைச்சலுக்குள் நின்றது எனக்கு நல்லதாகவே பட்டது.

முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிரான்சிலிருந்து போன் எடுப்பார். மகளோடு போட் விட்டாரா என்று கேட்டேன். "ஒருக்கா விட்டனாங்கள். வீட்டுக்குக் கிட்ட ஒரு குளம் இருக்கு. கொஞ்ச நேரம் நிண்டா. குளிருது எண்டு போயிட்டா."

"கதைச்சவவோ?"

"தமிழ் விளங்கும் அவவுக்கு," என்றார். பிறகு இங்கே காற்று எப்படி, சோழகம் தொடங்கிவிட்டதா என்று கேட்டார். வர வர அழைப்பு குறைந்தது. எனக்கும் யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் வந்தது, கலியாணம், வீடு என்று நாள்கள் போயின. கறுப்புப் போட்டை யாருக்குக் கொடுத்தேன் என்றே ஞாபகமில்லை.

போன வருடம் ஒரு வேலையாக நெடுந்தீவுக்குப் போனேன். கொட்டில் இல்லை. எஞ்சின்களை ஏற்றி வைக்கும் சீமெந்துக் கட்டைக்கூடக் கிளறி எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் சுற்றுலா வருகிறவர்களுக்குப் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தன. அன்ரன் அண்ணையைப் பற்றிக் கேட்டேன், தேநீர் தந்த இளம்பெண்ணுக்கு அப்படி ஒருவரைத் தெரியவில்லை. கல் தடுப்புக்குப் போய் நின்று, பல வருடத்துக்குப் பிறகு அவருடைய பிரான்ஸ் இலக்கத்தை அழுத்தினேன். மணி அடிக்காமலே ஒரு பெண்குரல் அந்த மொழியில் ஏதோ சொன்னது. மகளாக்கும் என்று நினைத்தேன்.

"பிள்ளை, அப்பா நிக்கிறாரோ? நான் நெடுந்தீவிலயிருந்து கதைக்கிறன்," என்றேன்.

அந்தக் குரல் கொஞ்சம் பொறுத்து, அதே வசனத்தை அதே இழுவையோடு இன்னொருக்கால் சொன்னது. பாவனையில் இல்லாத இலக்கங்களுக்காகப் பதிவு செய்து வைத்த குரல்.